அவசரத்தில் எழுதிய ‘வைவாக்ஸ்’

2008-இல் சிதம்பரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு மத்தியானம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வேலு என்பவர் குளிர்காய்ச்சலோடு வந்தார். ஒடிசாவில் கட்டட வேலை செய்துவிட்டுத் தங்கை கல்யாணத்துக்காக ஊர் திரும்பியவர்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ரத்த அணுவுக்குள் மோதிரம் போல மலேரியாக் கிருமி தெரிந்தது. எங்களிடம் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகைதான். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரும் டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு, உடன் வேலை செய்யும் மேரி அக்காவுக்குக் காட்டலாமென்று ஸ்லைடை நகர்த்தினேன். வாழைப்பழம் போல வளைந்த ஒரு கிருமி! மூளைவரை தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகையின் அடையாளம் அது. அதற்கு மருந்தே வேறு. உடனே அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“டாக்டருக்கு நான் போன் போடறேன். நீ ஓடுடி, பஸ் ஏறிடப் போறாரு!” என்றார் அக்கா.

பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டி, “அண்ணே, எறங்குங்க! ரிப்போர்ட்ல தப்பா எழுதிட்டேன்!” என்று கத்தினேன்.

“அப்ப மலேரியா இல்லியாம்மா?” என்றார் ஆசையாக.

“இருக்குண்ணே. ஆனா வேற மலேரியா!”

பஸ்ஸே சிரித்துவிட்டது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சரியான மருந்தில் குணமானார். கல்யாணப் பந்தியில் எங்களுக்கு அவரே பாயசம் ஊற்றி, “பஸ்ஸ நிறுத்துன பொண்ணு இதுதான்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டினார்.

இப்போது ஒரு கிருமி கண்ணில் பட்டதும் நான் நிறுத்துவதில்லை. ஸ்லைடு முழுக்கத் தேடிப் பார்த்த பிறகே வகையின் பெயரை எழுதுகிறேன்.

- சுமதி, சிதம்பரம்