தூக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது

மாட்டுத் தீவன மூட்டையையும் மனிதரையும் ஒரே மாதிரி தூக்கலாம் என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தீவனக் கிடங்கில் ஆறு வருடம் லோடு ஏற்றியவன் நான். கிடங்கை மூடிவிட்டார்கள். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. புதுவாயல் பக்கம், அந்தப் புழுதிக்கு நடுவில் இருந்த இருபது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். போய் நின்றேன். டாக்டர் என் படிப்பைக் கேட்கவில்லை, தோளைப் பார்த்தார். "நாளைக்கு வந்துரு" என்றார். அடையாள அட்டையில் நர்சிங் உதவியாளர் என்று போட்டிருந்தது. எல்லாரும் கூப்பிட்டது அட்டெண்டர் என்று.

மூன்றே மாதத்தில் எனக்கு நல்ல பெயர். மாடியில் இருக்கும் எக்ஸ்ரே அறைக்கு ஆட்களை இரண்டு கையில் ஏந்திக்கொண்டு படியேறுவேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "இவரு கீறப்ப லிப்ட் இன்னாத்துக்கு?" என்பார்கள். ஜனங்கள் எதைச் சொன்னாலும் அதை அப்படியே மனதில் வைத்துக்கொள்கிற ஆசை எனக்கு உண்டு. என்னைப் பற்றிச் சொன்னால் ஆசை இரண்டு மடங்கு. அந்த நாளில் எனக்கிருந்த திமிரைக் கொண்டுபோக மட்டும் தனியாக ஒரு ஸ்டிரெச்சர் தேவைப்பட்டிருக்கும்.

எங்கள் ஹெட் சிஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், எடையில் என்னில் பாதி. சேர்ந்த வாரமே எல்லாம் சொல்லித்தான் கொடுத்தார். வீல்சேரை நோயாளிக்கு நல்லா இருக்கிற பக்கமாகப் போடு, பிரேக்கைப் பூட்டு. அக்குளில் கைவிட்டு இழுக்காதே, இடுப்பில் துணி பெல்ட் கட்டி அதைப் பிடி. உன் முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே. நோயாளியின் மூக்கு அவர் முட்டியைத் தாண்டி முன்னால் வரட்டும், உடம்பு தானாக எழும்பும். நான் நன்றாகத் தலையாட்டினேன். இதெல்லாம் தெம்பில்லாதவர்களுக்கு என்று உள்ளே ஒரு கணக்கு.

அப்போதுதான் பாய் ஒருவர் வந்து சேர்ந்தார். பழவேற்காட்டில் வலையும் கயிறும் விற்கும் கடை அவருக்கு. ஆள் நல்ல வாட்டசாட்டம். வாதம் அடித்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், குசும்பு மட்டும் குழறாது. சென்னையில் ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகு, பயிற்சிக்காக எங்களிடம் கொண்டுவந்தார்கள். கூட இருந்தது அவர் மனைவி மட்டும். அந்த அம்மா நின்றால் பாயின் நெஞ்சு உயரம்.

முதல் நாளே ஹெட் சிஸ்டர் அந்த அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீங்க ஒரே ஆளு தொணையா நின்னா போதும்ன்ற அளவுக்கு, கட்டில்லேந்து சேருக்கு இவரு மாறணும்மா. அது வந்தா உங்க ஊட்டுக்குப் போலாம். வரலன்னா, ஆளு பேரு இருக்கிற எடத்துலதான் வெச்சிக்கணும்."

ஆள் பேர் இருக்கிற இடம் என்றால் சென்னையில் மகன் வீடு. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது.

"அங்க ஏத்திட்டாங்கன்னா அப்பறம் எறக்கவே மாட்டாங்க சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. "இவரு கட்டில்லயே கெடந்து சொவத்தப் பாத்துக்கினு இருப்பாரு. எங்க ஊட்டுக்குத்தான் போவணும்."

இந்தப் பேச்சு நடந்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கேட்டேன். கேட்டுவிட்டு நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கிடங்கில் மூட்டைக்குக் கை போட்டதும் ஒருவன் "ஏய்ப்பா!" என்று சத்தம் கொடுப்பான். அந்தச் சத்தத்தில் மூட்டை எழும்பிவிடும். பாயிடமும் அதேதான். அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, "ஏய்ப்பா!" என்பேன். கண் மூடித் திறப்பதற்குள் அவர் நாற்காலியில் இருப்பார். நாஷ்டாவுக்கு ஒரு ஏய்ப்பா, கக்கூசுக்கு ஒரு ஏய்ப்பா, பார்க்க ஆள் வந்தால் ஒரு ஏய்ப்பா. ஆரம்பத்தில் பாய் வலது காலைத் தரையில் ஊன்றப் பார்ப்பார். "நீங்க சும்மா இருங்க பாய், நான் பாத்துக்கறேன்" என்பேன், பெரிய மனது எனக்கு. இரண்டு வாரத்தில் அவர் ஊன்றுவதை விட்டுவிட்டார். என் சத்தம் கேட்டதும் கண்ணை மூடி, உடம்பை மொத்தமாகத் தளர்த்திவிடுவார். அவ்வளவு பழக்கமான மூட்டையை நான் கிடங்கிலேகூடப் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு கிடந்த கம்பெனிக்காரர் ஒருவர் படுத்தபடியே கேட்பார். "இன்னாண்ணே, பாய ஏத்தியாச்சா? தார்ப்பாய் போட்டுக் கட்டு, லாரி கெளம்பட்டும்!"

வார்டே சிரிக்கும். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஒரு காலையில் ஹெட் சிஸ்டர் பாயின் இடது தோளைத் தொட்டதும் அவர் முகம் சுருங்கியது. "நாலு நாளா வலிக்குதும்மா" என்றார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"இவர எப்படி எய்ப்பறீங்க, காட்டுங்கண்ணே."

என் திறமையைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டைக் கையை மடித்தேன். அக்குளில் கை கொடுத்து, எப்போதும் இல்லாத சத்தத்தோடு, "ஏய்ப்பா!" என்றேன். பாய் எழும்பினார். பாதி வழியில் என் இடுப்பில் எதுவோ பிடித்தது. பாயை எப்படியோ கட்டிலிலேயே திரும்ப உட்காரவைத்துவிட்டு, நான் அவர் பக்கத்தில் சாய்ந்தேன். அதன் பிறகு நிமிர முடியவில்லை.

பாய் என் பக்கம் தலையைத் திருப்பினார். "தள்ளிப் படு தம்பி. ரெண்டு பேருக்கு எடம் பத்தல."

மாவுக்கட்டுக்காரருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

ஹெட் சிஸ்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு முட்டியும் மடக்குங்க. பக்கவாட்டுல திரும்புங்க. கால கீழ தொங்கவிடுங்க. இப்போ கைய ஊனி மெதுவா எய்ந்திரிங்க" என்றார். அவர் கை என் தோளில் பட்டும் படாமலும் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கள இப்போ யாரு தூக்கினா?"

"யாரும் தூக்கல சிஸ்டர்."

"பாய இப்படி ஒரு நாளாவது உட்டீங்களா?"

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் பாயை நான் தொடக்கூடாது என்று உத்தரவு. அவர் தோளுக்குத் துணியால் தூளி மாதிரி கட்டிவிட்டார்கள். சிஸ்டரும் அந்த அம்மாவும் பெல்ட்டைக் கட்டி, தினம் நான்கு வேளை பழக்கினார்கள். நான் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். முதல் மூன்று நாள் பாய் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், தூக்குவார்கள் என்று. நான்காம் நாள் வலது காலைத் தரையில் அழுத்தினார். எட்டாம் நாள், சிஸ்டர் துணையோடு நின்றார்.

டாக்டர் வந்து பார்த்து முடிவு செய்யும் நாள் வந்தது. அம்மா தனியாகச் செய்து காட்ட வேண்டும். சென்னையிலிருந்து மகன் இரண்டு முறை மிஸ்டு கால் கொடுத்துவிட்டான். நாற்காலி வலப்பக்கம், பிரேக் பூட்டியாயிற்று, பெல்ட் கட்டியாயிற்று. தன் முட்டியால் பாயின் இடது முட்டிக்கு முட்டுக்கொடுத்து அந்த அம்மா நின்றார். பாய் முன்னால் குனிந்தார். இடுப்பு கட்டிலை விட்டு எழும்பியது. பாதி உயரத்தில் கால் கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏய்ப்பா!"

பாய் சட்டென்று கண்ணை மூடினார். உடம்பைத் தளர்த்தினார். அத்தனை பெரிய உருவம் மொத்தமும் அந்த அம்மாவின் மேல் சாய்ந்தது. முட்டுக்கொடுத்த முட்டியை அவர் எடுக்காததால், இரண்டு பேரும் தரைக்குப் போகாமல் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு வாட்டி பாக்கலாம். முடியலன்னா பையனுக்கு போன் பண்ணிடுங்க."

அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "நீ நல்லாருப்பே தம்பி. கொஞ்ச நேரம் வெளிய போ."

போனேன். வராந்தாவில் நின்று கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன். என் ஆறு வருட லோடு அனுபவமும் அந்த இடுக்கில் அடங்கிவிட்டது.

"கண்ணத் தொறங்க" என்று அந்த அம்மா பாயிடம் சொல்வது கேட்டது. "தூக்கற ஆளு போயாச்சு. இனிமே யாரும் இல்ல. மூக்க முன்னாடி நீட்டுங்க. உங்க தங்கச்சி ஊட்ல பிரியாணி தம்மு ஒடைக்கறாங்க, வாசன வருதா பாருங்க."

"வர்ல" என்றார் பாய்.

"இன்னும் குனிங்க."

"வர்லடி."

"அவ ஊடு இன்னா பக்கத்துலயா கீது? இன்னும் குனிஞ்சி பாருங்க!"

பாய் குனிந்தார். மூக்கு முட்டியைத் தாண்டியது. இடுப்பு எழும்பியது. கால் மறுபடி நடுங்கியது. நான் வராந்தாவில் என் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். ஒரு தப்படி, இன்னொரு சின்னத் தப்படி, ஒரு திரும்பல். பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். மாவுக்கட்டுக்காரர் விசிலடித்தார். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுத ஆரம்பித்தார். அந்த அம்மா அழவில்லை, பெல்ட்டின் முடிச்சைச் சரிபார்த்தார்.

மதியம் வேன் வந்தது. நாற்காலியிலிருந்து வேன் சீட்டுக்கு மாற வேண்டும், அது கட்டிலைவிட உயரம். என் கை இரண்டும் தானாக முன்னால் போயின. அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். கையைப் பின்னால் இழுத்து, எதையாவது பிடிக்க வேண்டுமே என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் எழுந்தார், நின்றார், திரும்பினார், சீட்டில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து, "நல்லா ஒத்தாச பண்ணே தம்பி" என்றார். கிண்டலா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"கதவ மூடு தம்பி" என்றார் அந்த அம்மா. "ஊட்டுக்குப் போவணும்."

மூடினேன்.