மெழுகச் சொன்ன பலகை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் என்று நினைக்கிறேன். நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். அக்கா, அக்காவின் கணவர், நான், அவ்வளவுதான். அக்கா கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெங்கேராவில் கடலை ஒட்டின ஒரு வீட்டில் அக்கா சமைத்தாள். அதே வீட்டில் நான் துணி துவைத்தேன். வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவிலிருந்து இயந்திரம் பூட்ட வந்திருந்த ஒரு துரை.

எனக்குப் பேசுவது என்றாலே கூச்சம். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்ல வெட்கப்பட்டு, பாதி நாள் வராதவளாகவே பதிவானேன். துரை வீட்டிலும் அப்படித்தான். ஆறு மாதம் ஆகியும் அவர் என் குரலைக் கேட்டதில்லை.

துரையோடு கப்பலில் ஒரு பலகையும் வந்திருந்தது. பத்தடி நீளம். முன்பக்கம் மூக்கு மாதிரி லேசாகத் தூக்கியிருக்கும். அக்கா அதைக் கால் ஒடிந்த மேசை என்று நினைத்தாள். மாமாதான் விசாரித்து வந்து சொன்னார்.

"அது மேல ஏறி அலையில நிப்பாங்களாம்."

"நின்னு?"

"நின்னுகிட்டே கரைக்கு வருவாங்களாம்."

"கரைக்கு வரணும்னா போகாமலே இருக்கலாமே," என்றாள் அக்கா. மாமா மறுநாளே, மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். அதில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது.

இப்படி ஒரு கூட்டமே சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற காஜா பேராங் செட்டி ஒருவர் பழைய கதவோடு வருவார். அவருக்குத் தமிழ் அரைகுறை, மலாய்தான் பேசுவார். சவப்பெட்டிக் கடைச் சீனர் கோணலாய்ப் போன மூடி ஒன்றைக் கொண்டுவருவார். மலாய் மீனவர்கள் படகுப் பலகைகளோடு வருவார்கள். எல்லாரும் சாயங்காலம் துரை வீட்டுப் பின்புறம் மணலில் பலகைகளைப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, கையால் காற்றைத் துழாவுவார்கள். துரை "அப்!" என்பார். எல்லாரும் குதித்து எழுந்து கைகளை விரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் கொடியில் துணி எடுக்கிற சாக்கில் பார்ப்பேன். கடலில் இறங்கிப் பழகும்போது விழுந்தவன் தலை வெளியே வரும்வரை யாரும் சிரிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தலை வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

இதில் ஒரே ஒரு குறை. மலாக்கா கடலில் அலை கிடையாது. தாம்பாளத்தில் ஊற்றின தண்ணீர் மாதிரி கிடக்கும். சுமாத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்று திரண்டு வந்தால்தான் ஒரு மணி நேரம் கடல் எழும்பும். அந்தக் காற்றோ, துரை வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாக அவர் பேச்சில் நின்றதைத் தவிர வேறெதிலும் நின்று யாரும் பார்க்கவில்லை. சந்தையில் அவருக்கு 'துவான் கோசோங்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோசோங் என்றால் காலி. வெறும் துரை. அது அவர் காதுக்கும் போயிற்று. பாவம், சாப்பாடு குறைந்துவிட்டது என்று அக்கா வருத்தப்பட்டாள்.

வேலை முடிந்து அவர் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. திங்கட்கிழமை கப்பல். அதற்கு முன் மூன்று நாள் சிங்கப்பூர் போனார். போகும்போது வாசலில் மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா என்னிடம் வந்து சொன்னார்.

"இந்தா பிள்ள, துரை பலகைய நல்லா மெழுகி வைக்கச் சொன்னாரு."

நான் தலையை ஆட்டினேன்.

பலகையைப் புரட்டிப் பார்த்தால் மேலெல்லாம் அழுக்கு மெழுகு, கட்டி கட்டியாக. தனி ஆம்பிளை இருக்கிற வீடு, கரண்டு போன நாளில் மெழுகுவர்த்தியை இதன் மேலேயே நட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தோசைக் கரண்டியால் சுரண்டினேன். கொதிதண்ணீர் ஊற்றி, சோப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் மூன்று தடவை பூசித் துடைத்தேன். முகம் தெரிந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பொட்டைக்கூடச் சரி செய்துகொண்டேன்.

சனி இரவு துரை திரும்பிவிட்டார். ஞாயிறு விடியற்காலை காற்று வந்தது. அக்காவும் நானும் வேலைக்குப் போகும்போது வானம் மேற்கே கறுத்து, தென்னை ஓலையெல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தது. கரையில் நாற்பது பேர் இருந்தார்கள். பலகைக்காரர்கள் மட்டுமல்ல, பேர் வைத்த சந்தைக்காரர்களும் வந்திருந்தார்கள்.

துரை பலகையோடு உள்ளே போனார். ஒரு அலை எழும்பியது. குதித்து எழுந்தார். வழுக்கு மரத்தில் ஏறினவர் மாதிரி சர்ரென்று இறங்கினார். தலை வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி ஏறினார். இந்த முறை பலகை மட்டும் கரைக்கு வந்தது. மூன்றாவது முறை படுக்கவே முடியவில்லை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் விழுந்தார்.

"கோசோங்! கோசோங்!" என்று சந்தைக்காரர்கள் கை தட்டினார்கள்.

துரை நெஞ்சளவு தண்ணீரில் நின்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். நக்கியும் பார்த்தார். பிறகு மாமாவிடம் என்னவோ கேட்டார். மாமா எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், பலகையில என்னடி தேங்கா வாசம்? சமையலுக்கு எடுத்தியா?"

"நான் ஏன் எடுக்கிறேன்? உங்க கரும்பலகையிலயே மாவு பிசையல!" என்று அக்கா திருப்பிக் கத்தினாள்.

எண்ணெய் பூசினது நான்தான். சொன்னால் நாற்பது ஆம்பிளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் காற்று நின்றுவிடும், நாளைக்குக் கப்பல், அவர் ஆயுசுக்கும் வெறும் துரைதான். என் பாவாடை நனைந்ததை வைத்துத்தான் நான் கடலில் இறங்கிவிட்டேன் என்று தெரிந்தது.

"மாஸ்டர்," என்றேன். "ஐ வாஷ்."

துரை என்னைப் பார்த்தார். எனக்குப் பேச்சு வரும் என்பதையே அவர் அப்போதுதான் கண்டார்.

"அடிப்பாவி!" என்றார் மாமா. "மெழுகு இருந்தாதானே கால் வழுக்காது! அத எடுத்துட்டியா?"

"மெழுகி வைக்கத்தானே சொன்னீங்க?"

"ஆமா, மெழுகத்தான் சொன்னேன்!"

"மெழுகினேனே!"

"எங்க மெழுகின? சுரண்டியில்ல வச்சிருக்க!"

"சுரண்டாம எப்படி மெழுகுறது?"

செட்டி எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "லிலின் அடா, லிலின் தாடா?" என்றார். மெழுகு இருக்கிறதா, இல்லையா என்று கேட்கிறார். எங்களுக்கே தெரியவில்லை.

அதற்குள் அக்கா எதிரே இருந்த சீனர் மளிகைக் கடைக்கு ஓடிவிட்டாள். நான் பலகையைப் பிடுங்கிக் கரையில் போட்டு, சலவை சோப்பும் மணலும் வைத்துத் தேய்த்தேன். தேய்க்க ஆரம்பித்தால் எனக்குக் கூச்சம் இருக்காது, அது என் வேலை. நடுவில் பிடித்துக்கொள்ள வந்த துரையை "தள்ளுங்க" என்றேன். தள்ளி நின்றார். அக்கா கொண்டுவந்தது சாமிக்கு ஏற்றுகிற தடிச் சிவப்பு மெழுகுவர்த்தி. கடையில் அதுதான் இருந்ததாம். ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். மாமா, செட்டி, சவப்பெட்டிக் கடைக்காரர் எல்லாரும் பூசினார்கள். பேர் வைத்த சந்தைக்காரர் ஒருவர்கூடக் குனிந்து பூசினார். பலகை அரைத்த மிளகாய் மாதிரி ஆனது.

காற்று குறைந்துகொண்டே வந்தது. துரை ஓடினார், படுத்தார், துழாவினார். கடைசியாக ஒரு அலை வந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், அவ்வளவுதான். துரை எழுந்தார்.

நின்றார்!

வயிறெல்லாம் சிவப்பு அப்பி, முட்டி வளைத்து, கை இரண்டையும் விரித்து, எங்களை நோக்கி நின்றுகொண்டே வந்தார். பலகை சேற்றில் குத்தி நிற்க, துரை மட்டும் பறந்து வந்து என் சோப்புத் தண்ணீரில் குப்புற விழுந்தார். தலை வெளியே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே சத்தமாக, "பெர்டிரி! பெர்டிரி!" என்று கத்தினார்கள். நின்றுவிட்டார், நின்றுவிட்டார் என்று.

சந்தைக்காரர்கள் ஓய்ந்தார்கள். காற்று ஓய்ந்தது. கடல் மறுபடி தாம்பாளம் ஆனது. ஒரு குரல் மட்டும் விடாமல் "நின்னாரு! நின்னுட்டாரு!" என்று கத்திக்கொண்டே இருந்தது. யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. நாற்பது பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும்டி. அவரு உட்கார்ந்துட்டாரு."