பீசாவுக்குப் போன ரயில்

புளோரன்ஸ் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், நல்ல ஊர் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். ஊர் நல்ல ஊர்தான். அதில் எனக்குக் கோபமில்லை.

நாங்கள் நான்கு குடும்பங்கள். மெல்பனில் மூன்று, சிட்னியில் ஒன்று. ஆண்கள் நான்கு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். இத்தாலிக்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் பேச்சு. எல்லாம் ஒழுங்கான பிறகு, அந்த நால்வரில் ஒருவர் வேலையிலிருந்து வந்து சாய்ந்து உட்கார்ந்தவர், எழும்பவேயில்லை. அவருடைய மனைவி என் தோழி. தான் வரவில்லை என்றாள். நாங்கள் எல்லோரும் மெல்பனில் ஸ்பிரிங்வேல் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்குப் போய், கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளை வற்புறுத்தினோம். முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகிறது, நடப்பேன், ஆனால் வேகமாக முடியாது, படிகள் கஷ்டம் என்று அவள் அன்றைக்கே சொன்னாள்.

"அதுக்கென்ன, ஆறுதலாப் போவம். நாங்கள் இருக்கிறம்தானே," என்றார் சிட்னிக்காரர். சிட்னியின் கிரவீன் பகுதியில் வீடு, பயணத்தை முழுக்க ஒழுங்கு செய்தவர் அவர்தான்.

ரோமில் தங்கியிருந்தபோது ஒரு நாள் புளோரன்சும் பீசாவும் பார்க்கப் புறப்பட்டோம். ரயிலில் போய் ரயிலில் திரும்பும் பயணம். கைட் ஓர் இளைஞன், மஞ்சள் குடை வைத்திருந்தான். எங்களோடு வேறு யாருமில்லை, நாங்கள் ஏழு பேர்தான். எல்லோருடைய டிக்கெட்டும் அவனுடைய போனில் இருந்தது. ஆளுக்கொரு காதுக்கருவி தந்தான். அவன் முன்னால் நடந்தபடி பேசுவது எங்கள் காதில் கேட்கும். நல்ல வசதி என்று எல்லோரும் மெச்சினார்கள். பின்னால் வருபவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத வசதி அது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பெரிய தேவாலயத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்தோம். கல் பாவிய தெருக்கள், ஒன்றும் சமமில்லை. என் தோழி கீழே பார்த்தே நடந்தாள். நான் அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டேன். ஓவியக்கூடத்தில் மேல்மாடிக்கு ஏற நீண்ட படிக்கட்டு. லிஃப்ட் இருக்கிறதா என்று நான் கைட்டிடம் கேட்டேன். இருக்கிறது, அங்கே நிற்கும் ஊழியர்களைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அவன் ஏறத் தொடங்கினான். என் கணவரும் ஏறினார். நீர் அவவோட வாரும் என்று படியில் நின்று சொன்னார். நான் தலையாட்டினேன்.

லிஃப்டுக்கு எங்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தார். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் குடையைக் காணவில்லை. காதில் மட்டும் அவன் குரல் இருந்தது. ஒரு ஓவியத்தை விளக்கிக்கொண்டிருந்தான்: இந்தப் பெண்ணின் கூந்தலைப் பாருங்கள், இந்தக் கையைப் பாருங்கள். எங்கள் முன்னால் கூந்தலும் இல்லை, கையும் இல்லை. ஒரு நீண்ட நடைக்கூடம், அதில் தலையில்லாத ஒரு சிலை. அந்த அறையைத் தேடி நடந்தோம். குரல் கரகரத்தது, விட்டு விட்டுக் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.

வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. வாசலில் ஒருவரும் இல்லை. என் கணவருக்குப் போன் எடுத்தேன்.

"நாங்கள் ஸ்டேசனுக்கு நடந்துகொண்டிருக்கிறம். பீசா ட்ரெய்ன் வெளிக்கிடப் போகுதாம். நீங்கள் ரெண்டு பேரும் அங்கையே சுத்திப் பாருங்கோவன். அவவுக்கும் கால் ஆறும்."

எப்படி ரோமுக்குத் திரும்புவது என்று கேட்டேன். அவர்கள் பீசாவிலிருந்து நேராக ரோமுக்குப் போகிறார்களாம். நாங்கள் புதிதாக டிக்கெட் எடுத்து வரவேண்டுமாம். கார்ட் இருக்குத்தானே என்றார். பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அது வேறு ஏதோ சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதில் அப்படியே நிற்கிறது.

என் தோழி என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். என்னாலதான், உன்ரை நாளும் வீணாப்போச்சு, நீ ஓடிப் போய் அவையளைப் பிடி, நான் எங்கையாவது இருப்பன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. கொஞ்சம் கடுமையாகவே வாயை மூடச் சொன்னேன்.

ஒரு தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து பையிலிருந்த மிக்ஸரைப் பிரித்தோம். இங்கே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று சீருடை அணிந்த ஒரு பெண் வந்து எழுப்பினாள். பிறகு ஆற்றங்கரைச் சுவரில் சாய்ந்து நின்றோம். என் தோழி ஆற்றைப் பார்த்துக்கொண்டு, அழாமல், ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள்:

"இவர் இருந்திருந்தா என்னை விட்டிட்டுப் போயிருக்க மாட்டினம். நான் மெதுவா நடந்தா இவரும் மெதுவா நடப்பார். இவருக்காக உன்ரை மனிசன் நிப்பார். அவருக்காக மற்றவையும் நிப்பினம்."

அவள் சொன்னது முழுக்க உண்மை.

மெதுவான ரயில் ஒன்றில் ரோமுக்குத் திரும்பினோம். ஸ்டேசனில் டிக்கெட் மெஷினுடன் நான் மல்லுக்கட்டினேன். வழியெல்லாம் அவள் காலை எதிர் ஆசனத்தில் நீட்டி வைத்திருந்தாள். ஹோட்டலில் மற்றவர்கள் எங்களுக்கு முன்பே வந்து, சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல எடுத்த படங்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே மாதிரிக் கையைத் தூக்கியிருந்தார்கள்.

அறைக்குள் போனதும் என் கணவரைக் கேட்டேன். கைட் ஏன் எங்களுக்காக நிற்கவில்லை? அந்தப் பொடியன் மேல் முறைப்பாடு எழுதத்தான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

"அவன் கேட்டவன்," என்றார் என் கணவர். "நிப்பமோ, இல்லாட்டிப் போவமோ எண்டு எங்களிட்டைக் கேட்டவன். நிண்டா பீசாவில நேரம் காணாது எண்டும் சொன்னவன். எல்லாரும் போவம் எண்டு சொல்லிச்சினம். நான் ஒராள் மட்டும் என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

அவர் அதை ஒளிக்கக்கூட இல்லை. நியாயமான காரணம் என்று நினைத்தே சொன்னார். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அன்றைக்கு அவரைப் பார்த்தது போல நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்னுடைய பெட்டியை இழுத்துக்கொண்டு என் தோழியின் அறைக்குப் போனேன். பயணம் முடியும் வரை அங்கேதான் படுத்தேன்.

மெல்பனுக்கு வந்து சில வாரங்களில், த பேசின் என்ற புறநகரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு எல்லோரும் ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடினோம். சிட்னிக்காரரும் வந்திருந்தார். பயணத்துக்கு வராத இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் எங்கள் கதையைச் சொன்னார். இரண்டு பெண்கள் புளோரன்சில் படம் பார்த்து மயங்கி நின்றுவிட்டார்களாம், ரயிலையே மறந்துவிட்டார்களாம். எல்லோரும் சிரித்தார்கள். என் தோழி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நாங்கள் மறக்கேல்லை," என்றேன். "கைட் உங்களிட்டைக் கேட்டவன். போவம் எண்டு சொன்னது நீங்கள். அவவை வா எண்டு வீட்டுக்கு வந்து கூப்பிட்டதும் நீங்கள்."

வீட்டுக்காரி இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டுமா என்று கேட்டாள். சிட்னிக்காரர், பகிடிக்குத்தானே சொன்னனான், இதைப் போய்ப் பெரிசா எடுக்கிறதோ என்றார். பெரிசாத்தான் எடுக்கிறன் என்றேன். காரில் திரும்பும்போது, சபையில் வைத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார் என் கணவர். சபையில் வைத்துத்தானே சிரித்தார்கள் என்றேன்.

அடுத்த வருடம் ஸ்பெயினுக்குப் போகப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நான் அந்தக் குழுவிலிருந்து விலகினேன். என் கணவர் விலகவில்லை. ஆனால் தான் வரவில்லை என்று எழுதினார். நான் கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, அவவிட்டை ஒருக்காப் போட்டு வாறன் என்று தனியாக என் தோழியின் வீட்டுக்குப் புறப்பட்டார். நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்து சாவியை வைத்துவிட்டுக் குசினியில் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டாராம். அவள் தேத்தண்ணி கொடுத்தாளாம். தோட்டத்தில் தக்காளி வைத்திருப்பதைப் பற்றிப் பேசினாளாம்.

"பறவாயில்லை எண்டு ஒரு சொல் சொல்லேல்லை," என்றார்.

அவருக்கு அது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. என்ன சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனீர்கள் என்று கேட்டேன். அவர் வெங்காயத் தோல்களைக் கூட்டி அள்ளினார். நான் வெங்காயத்தை வெட்டி முடித்தேன்.