மஞ்சள் கிளாம்பைப் பார்க்க நாற்பத்தாறு கிலோமீட்டர்

பதினான்கு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. போதும்.

மேலே உள்ள வரியைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதிவைத்தேன். அதற்குக் கீழே எழுத நினைத்திருந்தது வேறு. இருந்தாலும் வரி நன்றாக வந்திருக்கிறது, அழிக்க மனமில்லை.

ஹைதராபாத்தில் பழைய காரைப் பிரித்து அழிக்கும் பதிவுபெற்ற ஆலைக்கு எப்படிப் போவது என்று தேடித்தான் இங்கே வந்திருப்பீர்கள். நேரம், தூரம், செலவு எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் போனது காருக்காக அல்ல, அதற்குள் இருந்த ஒரு கிளாம்புக்காக. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உப்பலில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர மேலாளராக இருந்தேன். ஸ்டீயரிங் தண்டைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளங்கை அளவு இரும்புக் கிளாம்ப் எங்கள் சரக்கு. துருப்பிடிக்காமலிருக்க அதில் துத்தநாகம் பூசி, குரோமியக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். அந்தக் குரோமியத்தில் இரண்டு வகை. புற்றுநோய் தரக்கூடியதைத் தொழிலில் ஹெக்ஸா என்போம், சாதுவானது ட்ரை. காரில் உட்காருபவனுக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. முக்கி எடுப்பவனுக்கும், பின்னாளில் காரை வெட்டிப் பிரிப்பவனுக்கும்தான் ஆபத்து. ஈயம், பாதரசம், காட்மியம், ஹெக்ஸா ஆகிய நான்கும் எங்கள் பாகத்தில் இல்லை என்று கார் கம்பெனிக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். கையெழுத்து என்னுடையது.

பூச்சு போடும் இடத்திலிருந்து ஒரு லாட், அதாவது ஒரே தவணையில் செய்த சரக்கு, பளிச்சென்ற மஞ்சளில் வந்தது. ஹெக்ஸாவின் நிறம். சோதித்தேன், ஹெக்ஸாதான். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். சயின்டிஸ்ட் வேலை பார்க்க ஆசையிருந்தால் நான் தார்நாகாவை விட்டு வெளியே வந்திருக்கவே கூடாது என்று முதலாளி கூட்டத்தில் வைத்துச் சொன்னார். என் வீடு தார்நாகாவில், சுற்றிலும் ஆராய்ச்சிக் கூடங்கள், அதனால் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர்ப் பட்டியல் இன்றும் எனக்கு மனப்பாடம். நான்காம் நாள் அதே மஞ்சள் கிளாம்புகள் லாரியில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படிவத்தில் என் உதவியாளன் தன்ராஜின் கையெழுத்து. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். ஆறு மாதத்தில் வேலையையும் விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் நாங்கள் வாங்கிய காரும் அந்த மாடல்தான். சப்ளையர் ஊழியர்களுக்குத் தள்ளுபடி இருந்தது. கொள்கைக்காகத் தள்ளுபடியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. தயாரித்த மாதத்தைப் பார்த்தால், எங்கள் வண்டியில் இருப்பது அந்த லாட்தான். ஆக, அந்தக் கிளாம்ப் பதினான்கு வருடம் என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்து என்னோடு ஊர் சுற்றியது. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றினால்தான் அதைத் தொட முடியும். அதற்கு எந்த மெக்கானிக்கும் சம்மதிக்கவில்லை.

கார் போதும் என்று ஆனபோது, மேட்சலுக்கு அப்பால் உள்ள ஒரு ஆலையில் தன்ராஜ் பொறுப்பாளனாக இருப்பது தெரியவந்தது. வேறு ஆலையை விசாரிக்கவே இல்லை. அவன் கண் முன்னாலேயே கிளாம்பைக் கழற்றி, சோதனைச் சொட்டு விட்டு, ஹெக்ஸா பட்டு அது ஊதாவாக மாறுவதைக் காட்ட வேண்டும். அவன் வாயால் 'நீங்கள் சொன்னது சரி' என்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல்காரர் மருந்தைக் கலக்கி ஹோமியோபதி சீசாவில் ஊற்றிக் கொடுத்தார்.

நவம்பர் மாதம், இரண்டாம் சனிக்கிழமை. காலை 6.40க்குத் தார்நாகாவிலிருந்து புறப்பட்டோம், நானும் மனைவி கோமதியும். எங்களுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் அவள் கேட்டாள்:

"ஏனுங், நாம காரைக் குடுக்கப் போறமா, கேஸ் போடப் போறமா? மூஞ்சி அப்படி இருக்குது."

சனிக்கிழமைக் காலையில் செகந்திராபாத் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாலை காலி, லேசான பனி, சிக்னல்கள் எல்லாம் எங்களுக்காகவே பச்சையில். 11 கிலோமீட்டரில் போவன்பள்ளி. மொத்த மார்க்கெட் என்பதால் கோமதி இறங்கியே தீருவேன் என்றாள். பத்து கிலோ தக்காளி, இரண்டு கட்டு முருங்கைக்காய், ஒரு பை பச்சை மிளகாய். திரும்பி வரும்போது நமக்குக் கார் இருக்காதே என்று நினைவூட்டினேன். கார் இருக்கும்போதே வாங்கினால்தான் உண்டு என்று பதில் வந்தது. இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று மேட்சல் வரை யோசித்தேன்.

மேட்சல் 31ஆவது கிலோமீட்டர், மணி 8.10. பேருந்து நிலையம் அருகே இருவருக்கும் இட்லி, பெசரட்டு, டீ சேர்த்து 150 ரூபாய். நாக்பூர் சாலையில் மேலும் 13, பிறகு இடதுபுறம் மண் சாலையில் 2. மீட்டரில் சரியாக 46. சுங்கச் சாவடிக்கு முன்பே திரும்பிவிடுவதால் கட்டணம் இல்லை. ஆலை வாசலில் 9.05.

தன்ராஜ் வாசலிலேயே நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. செகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், அவன் பேசும் தமிழுக்குள் பாதி ஊர் இருக்கும்.

"வாங்க சார். வண்டி நம்பரப் பாத்தவுடனே தெரிஞ்சிபோச்சு. அக்கா, நல்லா கீறீங்களா?"

நான் கிளாம்ப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். ஹோமியோபதி சீசாவையும் காட்டினேன். அவன் சீசாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான். வரிசையில் ஏழாவதாக இருந்த எங்கள் வண்டியை முதலில் எடுக்கச் சொன்னான். இந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. சாதாரணமாகக் காரை விட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

அடுத்த மூன்று மணி நேரம் நான் அனுபவித்ததை எப்படிச் சொல்வது? முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள். பிறகு காரைத் தூக்கி நிறுத்தி இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழாயில் தனித்தனிப் பீப்பாய்க்கு இறக்கினார்கள். ஏசி வாயுவைக் காற்றில் விடாமல் ஒரு இயந்திரம் உறிஞ்சி சிலிண்டரில் அடைத்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கையுறை இல்லாமல் ஒருவரும் இல்லை. விதிகளைக் காகிதத்தில் மட்டுமே பார்த்து வயதானவன் நான். அவை கைகால் முளைத்து வேலை செய்வதைப் பார்த்தபோது, சிறு பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோமதி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பின்சீட்டுக்கு அடியில் கிடைத்த தன் தங்கத் தோட்டின் திருகைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். தொலைந்து எட்டு வருடம் ஆகிறது. அதற்கு என்னிடம் தனியாகத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

12.20க்கு டேஷ்போர்டு வெளியே வந்தது. கழற்றிய தொழிலாளி கிளாம்பை என் கையில் வைத்தார். லேசாக மங்கியிருந்தாலும் மஞ்சள். ஓரத்தில் அந்த லாட்டின் முத்திரை.

மருந்து வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பேட்டரித் தட்டில் பின்னாளில் மெக்கானிக் மாட்டிய மலிவான மஞ்சள் போல்ட்டில் ஒரு சொட்டு விட்டேன், அதில் ஹெக்ஸாதான் இருக்கும். அரை நிமிடத்தில் ஊதா. நாவல்பழக் கலர் என்றாள் கோமதி. மருந்து சரி. அடுத்து கிளாம்ப். ஒரு சொட்டு. அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சொட்டு தண்ணீர் மாதிரி கிடந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கம் விட்டேன். அதுவும் தண்ணீர். இன்னொரு போல்ட்டில் விட்டேன், ஊதா. மறுபடி கிளாம்ப். ஒன்றுமில்லை.

தன்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மூணு நாளு அந்த லாட் எங்க இருந்துச்சின்னு நெனச்சீங்க சார்? பூச்சு போடற எடத்துல மெஷின் எரிஞ்சிபோச்சுன்னு மொதலாளிகிட்ட புளுகிட்டு, அங்கயே குந்திகினு மொத்தத்தையும் ஆசிட்ல உரிச்சி, ட்ரை போட்டு எடுத்தேன். டெஸ்ட் பண்ணேன். அப்புறம்தான் கையெழுத்து."

"அப்போ இந்த மஞ்சள்?"

"டிராயிங்ல மஞ்சள்னு கீதே. வெள்ளையா போனா கார் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிடுவான். அது சாயம் சார்."

சாயம். ட்ரை பூச்சில் மஞ்சள் சாயம் கலப்பது உண்டு என்பது எனக்குத் தெரியாததா? வருடக் கணக்கில் நானே வகுப்பெடுத்திருக்கிறேன். நான்காம் நாள் ஒரே ஒரு கிளாம்பை எடுத்து ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும். ஜன்னலிலிருந்து நிறத்தைப் பார்த்தேன், தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் 'ஏன்' அவன் வாயில் ஹைதராபாத் உருதுவின் 'கைக்கு' ஆகித் திரும்பி வந்தது.

"கைக்கு சொல்லல? ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்தேன். அக்கா காப்பி குடுத்தாங்க. நீங்க ரூம வுட்டு வெளியவே வரல. ஆபீஸ்லயோ ஃபோன்லயோ பேசற விஷயமா சார் அது?"

"வந்தாருங்க," என்றாள் கோமதி. "உங்களுக்குத் தலைவலின்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன். ரெண்டு தடவையும் தலைவலி."

"கலரப் பாத்து பாஸ் பண்ணாதே, ஃபெயிலும் பண்ணாதேன்னு எனக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?" என்றான் தன்ராஜ்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினான்கு வருடக் கோபத்தை ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைப்பது அவ்வளவு சுலபமில்லை. பிறகு, எங்கிருந்து என்று தெரியவில்லை, சிரிப்பு வந்தது. கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வர நான் சிரிப்பதைப் பார்த்து அந்தத் தொழிலாளி பயந்து ஒரு அடி தள்ளி நின்றார். தோற்றதற்கு இவ்வளவு மகிழ்ச்சி உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் சீக்கிரமே தோற்றிருப்பேன்.

தன்ராஜின் வீட்டுச் சாப்பாடு, மசாலா தாளித்த பகாரா சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். மூவரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். போதும், வேண்டாம் என்றேன். "நக்கோ சொல்லாதீங்க சார்" என்று இன்னொரு கரண்டி வைத்தான். அன்று கூட்டத்தில் சிரித்தவர்களில் அவன் இருந்தானா என்று என் பட்டியலை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இல்லை. முதலாளியும் மற்றவர்களும் பட்டியலில் அப்படியேதான் இருக்கிறார்கள், அவர்களை நீக்கும் உத்தேசம் இல்லை.

3.15க்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை வரை ஆலை வண்டி, மேட்சலுக்கு ஷேர் ஆட்டோ தலைக்கு 40 ரூபாய். அங்கிருந்து செகந்திராபாத்துக்கு அரசுப் பேருந்து. பெண்களுக்கு இலவசம், ஆதாரில் தெலங்கானா முகவரி இருக்க வேண்டும். எனக்கு 40. கோமதி பூஜ்ஜியம் அச்சடித்த சீட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் நின்றுகொண்டு பத்து கிலோ தக்காளியைச் சுமந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அசல் ஆர்.சி., ஆதார், ரத்துசெய்த காசோலை எடுத்துச் செல்லுங்கள். போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் முன்பே தீர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாசலிலேயே திரும்ப வேண்டும். சேஸிஸ் எண்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். துருப்பிடித்திருந்தால் எண் தெரியாது, அந்த இடத்தைத் துடைத்து வையுங்கள். ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிடுங்கள். ஒப்படைப்புச் சான்றிதழ் கைக்கு வராமல் வாசலைத் தாண்டாதீர்கள். புதுக் கார் வாங்கும்போது அது உதவும். பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுங்கள். பழைய ரோட்டோரப் பிரிப்புக் கடைக்குக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்கலாம், ஆனால் அங்கே எண்ணெய் சாக்கடைக்குப் போகும், வெட்டுபவரின் மூச்சுக்குள் எது போகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நண்பர்கள் பலர் சேர்ந்து எழுதும் இந்தத் தளத்தில் எப்போதும் என் முழுப்பெயர் போட்டுத்தான் எழுதுவேன். எழுதியதற்குப் பெயர் போடாதவனை மதிக்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் பழைய முதலாளி இப்போது தன்ராஜின் ஆலையிலிருந்துதான் இரும்பு வாங்குகிறார், வாரம் ஒருமுறை வந்து போகிறார். மெஷின் எரியவே இல்லை என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. என் பெயரைப் பார்த்தால் அடுத்த நிமிடமே அவருக்கு அவன் யாரென்று தெரிந்துவிடும். தன்ராஜ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுகூட. அவன் பெயர் தன்ராஜ் அல்ல. இடங்களைப் பற்றிய ஓரிரு அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். தளத்தை நடத்தும் நண்பரிடம் பேசிவிட்டேன். இந்த ஒரு பதிவுக்குக் கீழே பெயர் வராது.