கிளென் ஆரனின் திங்கட்கிழமை

ஈரத் துணியால் தூசியைத் துடைத்தபின், விரல்கள் ஈய எழுத்துக் கட்டைச் சுற்றியிருந்த நூலின் முடிச்சைத் தேடின. எட்டு மாதம் அலமாரியில் கிடந்த கட்டு. முடிச்சு இறுகியிருந்தது. கத்தியால் அறுத்திருக்கலாம், அந்த விரல்கள் அறுக்கவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்து, நூலைச் சுருட்டி ஓரமாக வைத்தன. பிறகு கடைசி வரிக்குப் போய், அதிலிருந்த பெயரின் முதல் எழுத்தின்மேல் நின்றுவிட்டன.

வில்லியம் ட்ரெகியர்.

டல்மோர் வார இதழின் அச்சகத்தில், பெட்டைகளுக்குச் சினை பிடிக்க விடும் பொலிகுதிரைகளின் விளம்பரங்களைக் கலைப்பதில்லை. வசந்தத்தில் கோர்த்து, கோதுமை அறுவடை முடிந்ததும் கட்டி வைத்துவிடுவார்கள். இங்கே வசந்தம் தொடங்கும் அடுத்த செப்டம்பரில் ஆண்டை மாற்றினால் போதும். குதிரை அதேதான், ஊர்களும் அவையேதான். இந்தக் கட்டில் இருந்தது கிளென் ஆரன். ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தது, குதிரையை அளக்கும் கைக்கணக்கில் பதினேழு கை உயரம், நான்கு காலும் வெள்ளை. ‘குழந்தையும் கையாளக்கூடிய சாந்த குணம்’ என்று ஒரு வரி. கீழே, எந்த நாள் எந்த ஊர் என்று ஆறு நாள் சுற்று. கடைசியில், குதிரையை ஊர் ஊராக நடத்திச் செல்பவனின் பெயர்.

அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி தாம்சின்.

வில் குதிரையோடு போனால் வாரத்தில் ஆறு நாள் வீட்டுக்கு வரமாட்டான். தனியாக இருக்கப் பிடிக்காமல்தான் அவள் அச்சகத்தில் தாள் மடிக்க வந்தாள். எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று யாரும் சொல்லித் தரவில்லை. கோர்ப்பவன் சாப்பிடப் போகும் நேரங்களில் தானே பார்த்துப் பழகினாள். மூன்றாம் வருஷம் அவன் தங்கம் தேடி ஓடிவிட, அந்த இடத்தில் இவள் நின்றாள். எழுதிக் கொடுத்த தாளில் கமா இருந்தால் அவள் பக்கத்திலும் கமா இருக்கும். தாளில் இல்லாத ஒரு சொல்லை அவள் கோர்த்ததில்லை. இருந்த சொல்லை விட்டதுமில்லை.

போன நவம்பரில், ஒரு திங்கட்கிழமை, ஷுல்ட்ஸ் பண்ணையின் முற்றத்தில் கிளென் ஆரன் வில்லை மிதித்துக் கொன்றது.

அடக்கம் செய்து நான்காம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை பக்கத்தை இரும்புச் சட்டத்தில் முடுக்கும்போது பார்த்தாள்: விளம்பரம் அப்படியே இருந்தது, அவன் பெயரோடு. பருவம் முழுவதற்கும் கொடுத்த விளம்பரம். மாற்றச் சொல்லி யாரும் வரவில்லை. எடுத்துவிடவா என்று அவளும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வரை ஐந்து சனிக்கிழமைகள் அவன் அச்சில் வந்தான். சேதி எட்டாத தொலைவுப் பண்ணையிலிருந்து ஒருவன், ‘என் பெட்டைக்குக் குளம்பில் வீக்கம், வரும்போது வில் பார்க்கட்டும்’ என்று சீட்டு அனுப்பினான். அதை அவள் கவுன் பையிலேயே வைத்திருந்தாள்.

“பேர மட்டும் மாத்தினாப் போதும்மா. எட்வர்ட் ஹாக்கிங்.”

இப்போது கில்மோர் அச்சக வாசலில் நின்றார், குதிரையின் சொந்தக்காரர். உள்ளே வரவில்லை. நீட்டிய சீட்டில் ‘போன வருஷம் போலவே’ என்று எழுதியிருந்தது.

தாம்சின் வாங்கிப் பார்த்தாள். “திங்கக்கிழமை ஷுல்ட்ஸ் பண்ணையா?”

“போன வருஷம் போலவேன்னு எழுதியிருக்கேனே.”

“வேண்டாங்கய்யா. சுத்தைத் திருப்பிடுங்க. முன்னாடியெல்லாம் வில் அப்படித்தானே போனாரு. திங்கக்கிழமை உப்புச்செடிக் காட்டைத் தாண்டுவாரு. வழியில ஒரு வீடு கிடையாது.”

“அப்ப ஷுல்ட்ஸ் சனிக்கிழமை வருது. வாரம் பூரா அலைஞ்ச குதிரை அவரோட எட்டு பெட்டைக்கும் என்னத்துக்காகும்?”

“திங்கக்கிழமை ஊரே துணி துவைக்கிற நாளுங்கய்யா.”

கில்மோர் தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டுக் கொடியில் படுக்கை விரிப்பு ஒன்று காற்றில் உப்பித் தணிந்தது.

“கப்பல்ல புயலடிச்சப்போ பாய்த்துணி அறுந்து குதிரை மேல விழுந்திருக்கு. ரெண்டு நாள் அதுக்குள்ளயே கெடந்திருக்கு. வெள்ளைத் துணி படபடன்னா அதுக்குக் கண்ணு தெரியாது. உங்ககிட்டச் சொன்னேன்னு வில் சொன்னாரு.”

“சொன்னான்,” என்றார் கில்மோர் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினார். “விசாரணையில என்ன கேட்டாங்க? குதிரை முரடான்னு கேட்டாங்க. இல்ல, சாது, இவன்தான் குடிச்சிருந்தான்னு பைபிள் மேல கை வச்சுச் சொன்னேன். இப்ப நானே சுத்தைத் திருப்பினா, ஏன்னு ஷுல்ட்ஸ் கேப்பாரு. ஊரே கேக்கும். குதிரையைச் சுடச் சொல்வாங்க. அதைச் சுட்டா வில் எந்திரிச்சு வந்துருவானா?”

“அவரு ஒரு சொட்டு குடிச்சதில்லை.”

“செத்தவனுக்கு அதனால என்ன நட்டம்?” சொன்ன வேகத்தில் அவருக்கே முகம் கன்றியது. தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

தாம்சின் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக எடுத்து அறைகளில் போட்டாள். ஒவ்வொன்றும் தன் கூட்டத்தில் விழுந்து, எது என்று தெரியாமல் கலந்தது. ஹாக்கிங்கின் பெயரைக் கோர்த்தாள். பிறகு ஆறு நாள்களின் வரிகளுக்கு வந்தாள்.

போன வருஷம் இதே வரிகளை அவள் கால் மணியில் கோர்த்தாள். கில்மோர் சுற்றைத் திருப்பி எழுதி அனுப்பிய தாள் வில் கண்ணில் படுமுன் அவள் கைக்கு வந்தது. திங்கள், ஷுல்ட்ஸ் பண்ணை. படித்தாள், கோர்த்தாள், ஒரு பிழை இல்லை. மாலைத் தபாலில், அதே வரிகளை அச்சிட்ட அட்டைகள் எல்லாப் பண்ணைக்கும் போய்விட்டன. துணிக்கு அது மிரளும் என்பதும் அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை என்ன நாள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவள் கண் நிற்கவில்லை. இரவு அட்டையைப் பார்த்த வில் சிரித்தான். “அடிப்பாவி, அச்சடிச்சே குடுத்துட்டியா? சரி விடு, பெட்டைகளைக் கட்டிக்கிட்டுக் காத்திருப்பாங்க. நீ கோத்த எழுத்தை நான் பொய்யாக்குவேனா? கொடியில துணி ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடறேன்.” ஒன்பது திங்கட்கிழமை அப்படித்தான் போய் வந்தான். பத்தாவதில் ஷுல்ட்ஸ் வீட்டம்மா விடியுமுன்னே துவைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தாம்சின் துணியை வெளியே உலர்த்தியதில்லை. அடுப்படியில் நாற்காலி முதுகுகளில் போடுவாள். அப்படியும் சில காலைகளில், காற்றே இல்லாத வீட்டுக்குள், துணி ஒன்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். போய்ப் பார்ப்பாள். சட்டைகள் அசையாமல் தொங்கும்.

இப்போதும் கேட்டது. அச்சகத்தில் துணியே கிடையாது.

நாள்களின் பெயர்களைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த ஊர் வரிகளை மட்டும் இரண்டு கட்டை விரல்களால் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கடைசி வரி முதலில் வந்தது, முதல் வரி கடைசிக்குப் போனது. திங்கள், உப்புச்செடிக் காடு. சனி, ஷுல்ட்ஸ் பண்ணை. ஆறு வரிகள்தான். அவள் கைக்கு ஒரு நிமிஷ வேலை. ஒரு வரி சரிந்தது. பொறுக்கி எடுத்து மறுபடி கோர்த்தாள். ‘சாந்த குணம்’ வரிக்கு வந்ததும் அதையும் உருவிப் போட்டுவிட்டு, இடைவெளியை ஈயத் தகட்டால் நிரப்பினாள்.

ஆசிரியர் அபர்னெதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். “கில்மோர் குதிரை தயாராம்மா? அவர் குடுத்தபடிதானே?”

“ஆமாங்கய்யா,” என்றாள். அந்த அச்சகத்தில் அவள் சொன்ன முதல் பொய்.

இருநூறு அட்டைகள். மை காய்ந்ததும் நூற்றைம்பதை உறையிலிட்டு மறுநாள் காலைத் தபால் வண்டியில் தானே கொண்டுபோய்ச் சேர்த்தாள். மீதி ஐம்பது, குதிரைக்காரன் வழியில் கொடுக்க. அதை வாங்க மத்தியானம் எட்வர்ட் ஹாக்கிங் வந்தான்; ஊருக்கு அவன் நெட். ஒரு காலத்தில் வில்லோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவன், மூன்று பிள்ளைக்காரன், வாய் ஓயாது.

“என்ன மதினி, என் பேரை அழகாப் போட்டீங்களா?” மேசையில் கிடந்த ஈயப் பக்கத்தைக் குனிந்து பார்த்தான். “அய்யய்யோ, தலைகீழா இருக்கே! குதிரை மேல ஏறுறதுக்கு முந்தியே கவுத்துட்டீங்களே!”

“நீ ஏற வேண்டாம், நடத்திக்கிட்டுப் போ. இந்தா, நேரா இருக்கு பாரு.”

அட்டையைத் தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தான். “திங்களு... உப்புச்செடிக் காடா? முதலாளி ஷுல்ட்ஸுன்னாரே! அந்தம்மா சுடுற ஆப்பிள் கேக்குக்கு ரெண்டு நாளா வயித்தைக் காயப் போட்டு வச்சிருக்கேன்.”

“சனிக்கிழமை தின்னு.”

“முதலாளி மாத்தினாரா?”

“இல்ல. நான் மாத்தினேன்.”

நெட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: பாய்த்துணி, துவைக்கிற நாள், கில்மோர் பைபிள் மேல் கை வைத்தது. கோர்க்கிற வேகத்தில், நிறுத்தாமல் சொன்னாள்.

“அப்ப வில்லுக்கு இது தெரியாதா மதினி?”

“தெரியும். போன வருஷ அட்டையைக் கோத்தது நான்தான். எங்கிட்ட ஒரு தப்பு வராதுன்னு ஊர்ல சொல்லுவாங்கல்ல. அன்னிக்கும் வரல.”

நெட் அட்டையை மறுபடி பார்த்தான். “சனிக்கிழமை பேப்பரைப் பாத்தா முதலாளி இங்கதான் வருவாரு.”

“வரட்டும். அட்டை எல்லாப் பண்ணைக்கும் போயிருச்சு. எல்லாரும் அட்டையைப் பாத்துத்தான் பெட்டையைக் கட்டுவாங்க. இனி அவரால திருப்ப முடியாது.” ஐம்பதையும் தட்டி ஓரம் சேர்த்து, தாள் சுற்றி, நூலால் கட்டினாள். “எந்த வீடானாலும் முதல்ல கொடியைப் பாரு. வெள்ளையா ஏதாவது ஆடினா வெளியவே நில்லு. எடுக்கச் சொல்லிக் கத்து. வெக்கப்படாத.”

“கத்துறேன் மதினி.”

அவள் கட்டை நீட்டினாள். நெட் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.