சத்யப்ரியாவின் அளவு ஜாக்கெட்

மரக்காணம் கடைத்தெருவில் லேடீஸ் டைலர் கொளஞ்சிக்குத் தெரியாத உடம்பு கிடையாது. இருபத்தோரு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறாள். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் கையைத் தளரத் தைக்கச் சொல்வார்கள், டீச்சர்கள் கழுத்தை ஏற்றச் சொல்வார்கள், கல்யாணப் பெண்கள் முதுகில் கயிறு கேட்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே சட்டம்தான். டேப் வைத்து அளக்க மாட்டாள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

“மூச்ச இழுத்துப் புடிச்சிக்கினு நிப்பாளுங்க. டேப்பு என்னா பண்ணும் பாவம்?” என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் சத்யப்ரியா எதை மறைக்க முடியும்? சத்யப்ரியா வேறு யாருமில்லை, கொழுந்தன் செந்தமிழின் மனைவி. நாலு கடை தள்ளி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்லர் கோர்ஸ் படிக்கிறேன் என்று பெங்களூருக்குப் போய் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தாள். போகும்போது மார்பளவு முப்பத்திரண்டு, வரும்போது முப்பத்தாறு. உடம்பு போட்டுவிட்டது என்றாள். போட்டால் கையும் இடுப்பும் சேர்ந்துதானே போடும்? கை அதே பத்து, இடுப்பு அதே இருபத்தெட்டு. புது அளவு ஜாக்கெட்டை மேசைமேல் விரித்த அன்றைக்கே கொளஞ்சிக்கு விஷயம் விளங்கிவிட்டது. செல்போனில் விளம்பரம் வருகிறதே, மார்பைப் பெரிதாக்குகிற அந்த ஆபரேஷன்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்லெண்ணம் ஒன்றுமில்லை. சொன்னால் ஊரே இன்னொரு தடவை அவளைத் திரும்பிப் பார்க்குமே என்றுதான்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிந்தது. கொளஞ்சி இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு வருஷம் பால் கொடுத்தவள். முப்பத்தேழு வயதில் கண்ணாடி முன்னால் நின்றால் காலியான பைகள்தான் தெரிந்தன. தன் ஜாக்கெட்டுக்குள் தானே கப் வைத்துத் தைத்துக்கொள்வாள். வெளியே பார்க்க எடுப்பாகத்தான் இருக்கும். கழற்றினால் ஜாக்கெட்டோடு எல்லாம் போய்விடும்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டிருப்பாள். ஆனால் போன மாதம் சொந்தக்காரப் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவில் கொளஞ்சியின் புருஷன் அப்பாதுரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். உப்பு லோடு ஏற்றுகிற லாரி ஓட்டுபவன், கள்ளம் கபடமில்லாதவன், அதுதான் தொந்தரவே. வாய் நிறைய வடையோடு, கட்டின பெண்டாட்டியைப் பார்த்தே சொன்னான்.

“பிரியாவுக்குச் சேல என்னாமா நிக்குது பாரேன்.”

அந்தச் சேலைக்கு ஜாக்கெட் தைத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தானும் அந்த ஆபரேஷனைச் செய்துகொள்வது என்று பந்தியிலேயே முடிவு கட்டிவிட்டாள். கொஞ்சநஞ்சம் இல்லை, சத்யப்ரியாவுக்கு இருக்கிற அதே அளவு, ஒரு நூல் குறையாமல்.

ஒரு புதன்கிழமை, லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள். பையில், போன வாரம் சரி செய்யச் சொல்லி சத்யப்ரியா கொடுத்திருந்த ஜாக்கெட் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தாள், அவசரமே படவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதும் கொளஞ்சி பையைத் திறந்து ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“இந்த அளவுக்கு வேணுங்க.”

டாக்டர் ஜாக்கெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபது வருஷத்தில் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“இது உங்க ஜாக்கெட்டா?”

“இல்லைங்க. அளவுக்கு. நான் டைலருங்க.”

“நீங்க டைலர்தானே? ஒருத்தங்க அளவு ஜாக்கெட்ட வச்சு இன்னொருத்தங்களுக்குத் தைப்பீங்களா?”

கொளஞ்சிக்குச் சுருக்கென்றது. தைக்க மாட்டாள். அப்படிக் கேட்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறவள் அவள்.

டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். இதில் முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்று கணக்கில்லை. நெஞ்சின் அகலம் எவ்வளவு, தோல் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் உள்ளே சிலிக்கான் பை வைப்பார்கள். தாங்காததை வைத்தால் தோல் இன்னும் தொங்கும், முதுகு வலிக்கும்.

“உங்களுக்கு இருக்கிறது அளவுப் பிரச்சினை இல்லீங்க, தொய்வு. தொய்ஞ்ச துணிய வெட்டிப் புடிக்காம உள்ள பஞ்சு வச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தூக்கித் தைக்கிற ஆபரேஷன் தனி. தழும்பு கூடுதல்.”

மற்றதையும் மறைக்கவில்லை. உள்ளே வைக்கிறது ஆயுசுக்கும் இருக்காது, பத்துப் பதினைந்து வருஷத்தில் இன்னொரு ஆபரேஷன் வரலாம். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பி வராது. மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் படம் எடுக்கப் போனால், உள்ளே வைத்திருப்பதை முன்னாலேயே சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஒன்றரை மாதம் கையைத் தூக்கக் கூடாது, கனம் எடுக்கக் கூடாது. என்ன வைத்தார்கள் என்று ஒரு அட்டை கொடுப்பார்கள், அதைத் தொலைக்கவே கூடாது.

சொல்லிக்கொண்டே டாக்டர் அந்த ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள்.

“இது ஏன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்ல?”

“அது நான் மாத்துனதுங்க. இடது பக்கம் இறுக்குதுன்னா. மாருக்குப் புடிச்ச டாட் மடிப்பப் பிரிச்சு முக்கால் இன்ச் மேல ஏத்திட்டேன். வெளிய தெரியாது,” என்றாள் கொளஞ்சி. தொழில் பெருமை எங்கே விடும்?

“போன வருஷம் ரெண்டு பக்கமும் சமமா இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“இவங்களுக்கு இந்த ஆபரேஷன் ஆயிருக்கா?”

கொளஞ்சி தலையாட்டினாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

“பாக்காம எதுவும் சொல்லக் கூடாது. ஆனா ஒரு பக்கம் மட்டும் மேல ஏறுதுன்னா, உள்ள வச்சதச் சுத்தி உடம்பு கட்டுற உறை இறுகியிருக்கலாம். வச்சதே உள்ள கிழிஞ்சிருக்கலாம். வேற ஏதாவதாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். தெரிஞ்சவங்கன்னா தள்ளிப் போடாம வரச் சொல்லுங்க.”

திரும்புகிற பஸ்ஸில் பெரிய முதலியார்சாவடி தாண்டும் வரைக்கும் கொளஞ்சிக்கு ஒரே சந்தோஷம். நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள், பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பொம்மையார்பாளையம் வந்தபோது சந்தோஷம் கொஞ்சம் கசந்தது. சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். உன் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன், உன்னைப் போலவே வேண்டும் என்று கேட்டேன் என்று அவளிடமே சொல்வதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். யாருக்கு வலிக்கிறதோ அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்று நாள் விட்டேவிட்டாள்.

நாலாம் நாள் சத்யப்ரியா ஜாக்கெட்டுக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தவள் வெளியே வரவில்லை.

“அக்கா, கொஞ்சம் உள்ள வாயேன். கைய நொழைக்க முடியல.”

கொளஞ்சி போனாள். இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. மேக்கப்புக்குக் கீழே முகம் வெளிறிக் கிடந்தது. கொக்கி போட உதவும்போது கொளஞ்சியின் புறங்கை இடது பக்கம் பட்டது. மாவு போல இருக்க வேண்டிய இடம் கல்லாக இருந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல ஏத்தித் தச்சுக் குடுக்கா. மார்கழி பொறந்தா பார்லர்ல கல்யாணக் கூட்டம் இருக்காது, அது வரைக்கும் ஓட்டிடறேன்.”

தைத்துக் கொடுக்கலாம். கொளஞ்சியின் ஊசி மறைக்காத கோணல் கிடையாது. இன்னும் ஒரு இன்ச் ஏற்றினால் ஊரில் ஒருத்திக்கும் தெரியாது, அப்பாதுரைக்கும் தெரியாது. தைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும், மிச்சத்தை அந்தக் கல்லே பார்த்துக்கொள்ளும். இப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் பயம் வந்தது.

“தைக்க மாட்டேன்,” என்றாள். “பாண்டிச்சேரியில ஒரு டாக்டரம்மா இருக்கு. நாளைக்கே போறோம்.”

“எதுக்கு?”

“பெங்களூருல வச்சியே, அதுக்கு.”

சத்யப்ரியா சேலையை இழுத்து மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“டாக்டர உனக்கெப்படித் தெரியும்?”

கொளஞ்சி எல்லாவற்றையும் சொன்னாள். நீராட்டு விழா, வடை, லைனிங் துணிப் பொய், மேசைமேல் விரித்த ஜாக்கெட், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல முகம் எரிந்தது. “உன்ன மாதிரியே ஆவணும்னு போனேன்டி. போதுமா?”

சத்யப்ரியா அழுதாள். மூன்று மாதமாக வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று செந்தமிழின் வாயையும் கட்டிப் போட்டிருந்தாள். அட்டையை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பெங்களூரிலிருந்து வந்த வாரமே கொளுத்தியிருந்தாள்.

“கொளுத்தினியா? அறிவிருக்கா உனக்கு?”

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா,” என்றாள் சத்யப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஒவ்வொரு தபாவும் என் ஜாக்கெட்ட விரிச்சிப் பாத்துட்டு மூஞ்சத் தூக்கி வச்சிக்குவ. அதப் பாக்கத்தான் உங்கிட்டயே குடுத்தேன். திண்டிவனத்துல உன்னவிட நல்லா தைக்கிறவன் இருக்கான்.”

கொளஞ்சிக்குக் கை பரபரத்தது. ஓங்கி ஒன்று வைத்திருப்பாள், எதிரில் இருப்பவளுக்கு ஒரு கைதான் எழும் என்பதால் விட்டாள்.

“எடுத்துரணும்னு சொல்லிட்டா என்னாக்கா பண்றது?” சத்யப்ரியாவின் குரல் சின்னதாகிவிட்டது. “எங்கிட்ட வேற என்னா இருக்கு? அதுவும் போயிட்டா என்னப் பாத்து யாருக்கு வயிறு எரியும்?”

கொளஞ்சி குனிந்து அவளுடைய ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அழுது வீங்கிய முகத்தோடும், கலைந்த தலையோடும், அந்தச் சனியன் அழகாகத்தான் இருந்தது.

“எனக்கு எரியும்,” என்றாள். “இப்பக்கூட எரிஞ்சிக்கினுதான் இருக்குது. நீ பயப்படாம கெளம்பு.”