லாடப் பூட்டும் ஐந்தே முக்கால் பஸ்ஸும்

சைக்கிள் வைத்திருப்பவர் பூட்டு வாங்க வருவதில்லை. சைக்கிளைத் தொலைத்தவர்தான் வருவார். சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையில் 2005 முதல் ஏழெட்டு வருடம் பூட்டும் டியூபும் விற்றவன் நான். உங்களிலும் வண்டியைப் பறிகொடுத்துவிட்டு, அது நின்றிருந்த வெறுந்தரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரே அடி

தனலட்சுமிக்குக் காட்டுமன்னார்கோயில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. விடியற்காலையில் அவர் ஊருக்கு பஸ் கிடையாது. சைக்கிளில் சிதம்பரம் வந்து ஐந்தே முக்கால் கடலூர் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஷிப்டு. தாமதமாகப் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடிக்கடி தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த சைக்கிளை நம்பித்தான். அந்த நேரத்துக்கு சைக்கிள் ஸ்டாண்டு திறந்திருக்காது என்பதால், எங்கள் கடையை ஒட்டியிருந்த விளம்பரப் பலகைக்குக் கீழே வண்டியை விட்டுவிட்டுப் போவார்.

ஒரு நாள் திரும்பி வந்தபோது வண்டி இல்லை. பின்சக்கரத்தில் மாட்டும் வளையப் பூட்டின் வளையம் மட்டும் ஒடிந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு கருங்கல். அந்த ரகப் பூட்டுக்கு ஓங்கி ஓர் அடி போதும். எங்கள் கடையில் வாங்கிய பூட்டு என்பதால் வந்து கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் எதையோ வைத்தார். "சாவி எங்கிட்ட பத்திரமா இருக்குண்ணே. வண்டிதான் இல்ல."

மறக்காத நம்பர்

சாவியே வேண்டாம் என்று நம்பர் பூட்டுக்கு மாறியவர்களும் உண்டு. அப்படி ஒருவர், ஆபீஸ் உத்தியோகஸ்தர், மிகவும் ஜாக்கிரதையானவர். எந்த நம்பர் வைத்தேன் என்று எனக்குக்கூடக் காட்டாமல் திரும்பி நின்று திருகிக்கொண்டு போனார். மறு மாதமே வண்டி போய்விட்டது. பூட்டை உடைத்தார்களா, அறுத்தார்களா என்று கேட்டேன். உடைக்கவும் இல்லையாம், அறுக்கவும் இல்லையாம். "ஒருவேளை மறந்துட்டா என்ன பண்றதுன்னு மட்கார்டுல பெயிண்ட்டால எழுதி வெச்சிருந்தேன்."

யார் சாவி?

தனலட்சுமி பழைய கறுப்பு சைக்கிள் ஒன்று வாங்கினார். அதற்கும் வளையப் பூட்டுதான். சில வாரங்களில் அதுவும் காணோம். அன்று ராத்திரி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் பஸ்ஸைத் தவறவிட்டார். கேட்டில் திருப்பி அனுப்பியதோடு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

அன்று மத்தியானமே வண்டி தானாகத் திரும்பி வந்தது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் இறக்கி விற்கும் ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அவருடைய சொந்தக் கறுப்பு சைக்கிள் நாலு வண்டி தள்ளி அனாதையாக நின்றிருந்தது. மலிவுப் பூட்டுகளில் ஒரே சாவி பல பூட்டுகளைத் திறக்கும். பூட்டு விற்கிற எல்லோருக்கும் இது தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. பெல் சத்தம் வேறு மாதிரி கேட்டதால்தான் மனுஷனுக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. ஆனாலும் கடைசிவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "எஞ் சாவி போட்டா தொறக்குது. அப்புறம் என் வண்டி இல்லாம யாரு வண்டியாம்?"

சோதனை

அடுத்து வந்தபோது தனலட்சுமி தெளிவாகச் சொல்லிவிட்டார்: என் கண் முன்னால் அடித்துக் காட்டுங்கள், தாங்குவதை வாங்கிக்கொள்கிறேன். முதலாளி முகம் கோணினாலும், விற்காமல் கிடந்த பூட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பட்டறை மேஜையில் இறுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு, கம்பி வெட்டும் கொறடாவுக்கு முருங்கைக்காய் மாதிரி போய்விட்டது. சங்கிலிப் பூட்டு சுத்தியலுக்குத் தாங்கியது. பக்கத்து வெல்டிங் கடையிலிருந்து நீளக் கைப்பிடி கட்டர் வாங்கி வந்து இருவர் அழுத்தியதும் அறுந்தது.

மோட்டார் பைக்குக்கென்று வந்த லாடப் பூட்டு ஒன்றுதான் பாக்கி. தடித்த இரும்புக் கம்பியை லாடம் மாதிரி வளைத்திருக்கும். கல், சுத்தியல், கட்டர் எதற்கும் அசையவில்லை. ஆக்ஸா பிளேடால் அறுத்தால் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். பொறுமையாக உட்கார்ந்தால் அறுத்துவிடலாம், ஆனால் நேரம் பிடிக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். "திருடனுக்கும் என்னாட்டம் அவசரம் ஜாஸ்தியா இருந்தா இது போதும்ணே."

ஆக்ஸா பிளேடு

ரொம்ப நாள் போதுமானதாகத்தான் இருந்தது. விளம்பரப் பலகையின் இரும்புக் காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போய்வந்தார். ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், வண்டி நிற்கிறது, பூட்டும் தொங்குகிறது, சாவி மட்டும் நுழையவில்லை. திறக்க முடியாத எவனோ ஆத்திரத்தில் சாவித் துவாரத்தில் கம்பியைச் செருகி ஒடித்துவிட்டுப் போயிருந்தான். விடிந்தால் ஐந்தே முக்கால் பஸ். நான் ஆக்ஸா பிளேடோடு தரையில் உட்கார்ந்தேன்.

அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளேடுகள் ஒடிந்தன. உள்ளங்கை கொப்பளித்தது. நல்ல பூட்டு என்று நானே பாராட்டி விற்ற பூட்டை நானே வாய்விட்டுத் திட்டினேன். அத்தனை கூட்டமும் என்னைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனது. ஒருவர் எண்ணெய் விட்டால் சுலபமாக அறுக்கும் என்று யோசனை சொன்னார். இன்னொருவர் வண்டி ஆடுகிறதே என்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். இருட்டியதும் ஒரு பையன் செல்போன் வெளிச்சம் காட்டினான். கம்பி அறுந்ததும் இரண்டு பேர் கையே தட்டினார்கள். அவர்களில் யாருக்கும் என்னை முன்பின் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு தனலட்சுமி சாலையைக் கடந்து வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இத்தினி பேரு வந்தாங்க, போனாங்க. வண்டி யாருதுன்னு ஒருத்தரு கேக்கல பாத்தீங்களாண்ணே?"

டீக்கடை வாசல்

மறுநாள் அவர் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பூட்டு வாங்க மட்டும் வரவே இல்லை. நாலு மணிக்கே அடுப்பு மூட்டும் டீக்கடை மும்தாஜ் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி, அந்தக் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்த ஆரம்பித்தார். தட்டினால் திறந்துகொள்ளும் பழைய வளையப் பூட்டு ஒன்றுதான் அதற்குக் காவல். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் மழை தூறியபோது, நனைகிறதே என்று தாழ்வாரத்துக்குள் தள்ளிவைக்கலாம் எனப் போய் ஹேண்டில்பாரைத் தொட்டேன். நான் வருடக்கணக்காக அவர் கடையில் டீ குடிப்பவன். கொதிக்கும் பாலை விட்டுவிட்டு, கரண்டியோடு வெளியே வந்துவிட்டார் மும்தாஜ் அக்கா. "யாரு வண்டிய யாரு தொடுறது? கைய எடு மொதல்ல!"

நான் கடையை விட்டு வரும்வரை அந்த வண்டி அங்கிருந்து காணாமல் போகவில்லை என்பதால், எங்கள் கடையில் தொங்கிய அத்தனை ரகப் பூட்டிலும் இல்லாதது, யாரு வண்டி என்று கேட்கும் ஒரு வாய்தான் என்று பூட்டு விற்றவன் நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.